சின்ன விமானத்தில் மதுரையிலிருந்து ஒரு நாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் தனியார் பைலட் உரிமம் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடிவதில்லை. ரசம் வருவதற்குள் நாலு கேள்வி வந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே பெரும்பாலும் இங்கே வைத்திருக்கிறேன்.

சின்ன விமானம் என்றால் எவ்வளவு சின்னது?

ஒரு பழைய அம்பாசடரின் உட்புறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் நெருக்கம். நான் ஓட்டுவது செஸ்னா 172. நாலு இருக்கை, மூக்கில் ஒரே ஒரு எஞ்சின், தலைக்கு மேலே இறக்கை. இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்கு மறைப்பு இல்லை. ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. 1956 முதல் தயாரிக்கிறார்கள். 44,000-க்கும் மேல் செய்துவிட்டார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும்.

இந்த விமானம் என்னுடையது இல்லை. நண்பர் ஒருவருடையது. வெளியூரில் நிற்கிறது, வருஷத்தில் சில தடவை மதுரைக்கு வரும். அவரும் பைலட். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்று மாற்றி மாற்றி ஓட்டுவோம்.

பணம் கொடுத்தால் அந்த விமானத்தில் ஏற்றிப் போவீர்களா?

மாட்டேன். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான விமானத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது சட்டவிரோதம். அதற்கு விமானத்தை வைத்திருப்பவருக்குத் தனி அனுமதிப் பத்திரம் வேண்டும், ஓட்டுகிறவருக்கு வணிக உரிமம் வேண்டும். என்னிடம் இருப்பது தனியார் உரிமம். இதை வைத்து ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்க முடியாது. யாராவது "பெட்ரோல் காசு மட்டும் கொடுங்க சார்" என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். ஏதாவது ஒன்று ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

தூத்துக்குடிக்கு பஸ்ஸில் மூணு மணி நேரத்தில் போயிடலாம். எதுக்கு மாப்ளே இந்த வம்பு?

என் தாய்மாமா கேட்டது. நியாயமான கேள்வி.

மதுரை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையம் நேர்கோட்டில் 123 கிலோமீட்டர். பறக்கும் நேரம் முக்கால் மணி. ஆனால் அதற்கு முன்னால் மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடிக்குப் போய், பாதுகாப்புச் சோதனை முடித்து, பயணத் திட்டம் கொடுத்து, அனுமதி எண் வாங்கி, விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, டாங்கியில் எண்ணெய் அளந்து, எஞ்சினைச் சூடேற்றிக் கிளம்ப ஒன்றரை இரண்டு மணி நேரம் போய்விடும். அந்தப் பக்கம் இறங்கினால் ஊருக்குள் போக ஆட்டோவோ காரோ பிடிக்கவேண்டும். எல்லாம் கூட்டினால் பஸ்ஸே ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம்.

புதுச்சேரி மாதிரித் தூரத்துக்குப் போனால்தான் கணக்கு நம் பக்கம் திரும்பும். சாலையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிற ஊரை ஒன்றே முக்கால் மணியில் தொட்டுவிடலாம். காலையில் போய் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். வரலாம் என்றுதான் சொல்கிறேன், வந்துவிடுவோம் என்று சொல்லவில்லை. அந்தக் கதை கீழே வருகிறது.

ஒரு நாளில் எங்கெல்லாம் போய்த் திரும்பலாம்?

திருச்சியும் தூத்துக்குடியும் ஏறத்தாழ ஒரே தூரம், 67 கடல் மைல். விமானக் கணக்கில் கடல் மைல்தான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கோயம்புத்தூர் 95, சேலம் 117, புதுச்சேரி 163. சென்னை 225 கடல் மைல். போகலாம், ஆனால் பெரிய விமானங்களின் வரிசைக்கு நடுவே நம் சின்ன வண்டியை நுழைப்பது மாசி வீதியில் தேர் வரும்போது சைக்கிளில் குறுக்கே போவது மாதிரி.

தஞ்சாவூரிலும் சூலூரிலும் ஓடுதளம் இருக்கிறதே என்பார்கள். அவை விமானப்படைத் தளங்கள். தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் 30 போர் விமானங்கள் நிற்கின்றன. அந்தப் பக்கமாகப் போனாலே கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

ராமேஸ்வரம் போகலாமா? பாம்பன் பாலத்தை மேலிருந்து பார்க்கணும்.

எல்லாரும் கேட்பது இதைத்தான். எனக்கும் ஆசைதான். 1914-இல் திறந்த பழைய பாலமும், பக்கத்திலேயே 2025-இல் திறந்த செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலமும், அதற்கப்பால் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மணல் முனையும் ஒரே பார்வையில் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் ராமேஸ்வரத்தில் நாம் இறங்க விமான நிலையம் இல்லை. வழியில் உச்சிப்புளியில் இருப்பது கடற்படை விமானத் தளம், பெயரே ஐஎன்எஸ் பருந்து. அந்த வான்பகுதி அவர்கள் கையில். தனுஷ்கோடியைத் தாண்டினால் இலங்கை எல்லை கூப்பிடு தூரம். ஆக, மதுரையில் ஏறி, ராமேஸ்வரத்தைச் சுற்றிவிட்டு, எங்கும் இறங்காமல் திரும்பவேண்டும். அதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டு, கிடைத்தால்தான் உண்டு. நண்பர்களிடம் நான் சொல்வது: ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போங்கள். பாம்பன் பாலத்தை ரயிலிலிருந்து பார்க்கிற சுகம் தனி.

கொடைக்கானல்?

ஓடுதளம் கிடையாது, மேலே சுற்றி வரலாம். சொல்வதற்கு எளிது. கொடைக்கானல் ஊரே கடல் மட்டத்துக்கு மேல் 7,000 அடியில் இருக்கிறது. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து பார்த்தால் மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கும். மேற்கே இருந்து காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அந்தக் காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் அருவி மாதிரிக் கொட்டும். கண்ணுக்குத் தெரியாத அருவி. சின்ன எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அந்த இறக்கத்தில் ஏற முடியாமல் போகலாம். அதனால் தை, மாசியில் காற்றில்லாத காலை நேரத்தில் மட்டும், மலைக்கு எட்டியே, எந்த நொடியும் சமவெளிப் பக்கம் திரும்பிவிடும்படி பறப்பேன். மேகம் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் திசைக்கே போகமாட்டேன்.

செட்டிநாட்டிலும் கயத்தாறிலும் பழைய ரன்வே இருக்குதாமே, அதில் இறங்கலாமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டவை அவை. உளுந்தூர்பேட்டையிலும் ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் கோடு தெரியும், கை பரபரக்கும். ஆனால் உரிமம் இல்லாத தளத்தில் நினைத்தபடி இறங்க முடியாது. அப்படியே முடிந்தாலும், ஆடு மேய்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது.

ஒரு நாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவீர்கள்?

பின்னாலிருந்து. பார்வையை நம்பிப் பறக்கும் விமானம் நம் நாட்டில் சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் பின்புவரைதான் பறக்கலாம். மதுரையில் கார்த்திகை மாதம் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அந்த 20 நிமிடச் சலுகையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஐந்து மணிக்குச் சக்கரம் மதுரையில் தரையைத் தொடவேண்டும் என்று வைத்துக்கொள்வேன். அப்படியானால் புதுச்சேரியில் மூன்றே கால் மணிக்குள் மேலே ஏறியாகவேண்டும். அதற்கு இரண்டு மணிக்கு அங்கே விமான நிலையத்துக்குள் இருக்கவேண்டும். அப்படியானால் ஒரு மணிக்குச் சாப்பாடு முடிந்திருக்கவேண்டும். இப்படியே பின்னால் வந்தால் காலையில் வீட்டில் ஐந்தரைக்கு எழுந்திருக்கவேண்டும் என்பதில் வந்து நிற்கும். இதோடு இரண்டு விமான நிலையங்களின் வேலை நேரமும் ஒத்துவரவேண்டும். சின்ன நிலையங்களில் கண்ட்ரோல் டவர் நாள் முழுக்கத் திறந்திருக்காது.

ஒரு புரட்டாசியில் இந்தக் கணக்கை நானே மீறினேன். புதுச்சேரியில் மீன் சாப்பாடு நன்றாக இருந்தது, பேச்சும் நீண்டது, மேலே ஏறும்போது நாலாகப் பத்து நிமிடம். திருச்சியை நெருங்கும்போது முன்னால் நத்தம், அழகர்மலைப் பக்கம் வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே மின்னல். புரட்டாசி மேகம் மதியத்துக்கு மேல்தான் கூடும் என்பது தெரிந்த விஷயம். இரண்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் அதற்கு முன்னாலேயே வீடு சேர்ந்திருப்போம். சுற்றிப் போகலாமா என்று நண்பர் கேட்டார். சுற்றிப் போனால் இருட்டிவிடும். திருச்சி டவரைக் கேட்டோம், இறங்கச் சொன்னார்கள், இறங்கினோம். இறக்கையையும் வாலையும் கயிற்றால் கட்டிவிட்டு பஸ் ஏறினோம். மழையில் துவரங்குறிச்சி, மேலூர் எல்லாம் தாண்டி ராத்திரி மாட்டுத்தாவணியில் இறங்கியபோது, ஹெட்செட் பையைப் பார்த்த ஆட்டோக்காரர் "மிக்சியா சார்?" என்றார். மறுநாள் காலை மறுபடியும் பஸ்ஸில் திருச்சி போய், நாற்பது நிமிடத்தில் மதுரைக்குப் பறந்து வந்தோம். வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆகவே நாள் பயணம் போகும்போது மாற்றுத் துணி ஒன்றும், பஸ்ஸுக்குக் காசும், மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லும் தைரியமும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கட்டாய வேலை இருக்கிறவரை நான் ஏற்றவே மாட்டேன். "எப்படியாவது போயிடலாம் சார்" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தால், புத்தி தடுமாற அது போதும்.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. விடியலில் பனிமூட்டம் இருக்கும். எட்டு மணிவாக்கில் பெரும்பாலும் கலைந்துவிடும். பங்குனி, சித்திரையில் காலை மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இடைவெளி பார்த்துத்தான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மிக்கே அந்தக் கதி என்றால் ஒரு டன் எடையுள்ள தகர டப்பாவை யோசியுங்கள். ஆனால் மதுரைக்கு ஓர் அதிர்ஷ்டம்: ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்திருக்கிறது. ஒரு முனையில் 09, மறுமுனையில் 27 என்று எழுதியிருக்கும். திசைகாட்டியில் 90 டிகிரி, 270 டிகிரி என்பதன் சுருக்கம் அது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறி இறங்கவேண்டும். ஆனி, ஆடி மேல்காற்று ஓடுதளத்துக்கு நேராகவே வருவதால் பக்கவாட்டு இழுப்பு குறைவு. பிரச்சினை போகிற ஊரின் ஓடுதளம் வேறு திசையில் இருந்தால்தான்.

வெயில் அடித்தால் விமானத்துக்கு என்ன?

நமக்கு மூச்சு முட்டுவதுபோல அதற்கும் முட்டும். காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கும் பிடிமானம் குறைகிறது, எஞ்சினுக்கு உள்ளே போகும் காற்றும் குறைகிறது. மதுரை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 460 அடிதான். ஆனால் 40 டிகிரி வெயிலில் கணக்குப் போட்டால், விமானம் நினைத்துக்கொள்வது தான் 3,500 அடி உயரத்தில் இருப்பதாக. அதாவது சித்திரை மதியம் மதுரை, விமானத்தைப் பொறுத்தவரை ஒரு சின்ன மலை வாசஸ்தலம், குளிர்ச்சி மட்டும் இல்லாமல்.

ஓடுதளம் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்பதால் ஏறுவதற்கு இடம் போதாமல் போகாது. ஏறிய பிறகு மெதுவாக, மிக மெதுவாக மேலே போகும். ஆளும் பையும் நிறைய இருந்தால் இன்னும் மெதுவாக.

அதற்காகத்தான் எங்கள் எடையைக் கேட்கிறீர்களா?

ஆமாம். சொந்த அத்தையிடம் எடை கேட்டு ஒரு மாதம் பேச்சு நின்றது, ஆனாலும் கேட்டே ஆகவேண்டும். விமானம், எண்ணெய், ஆள், பை எல்லாம் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டக்கூடாது. எங்கள் வண்டியில் விமானத்தின் சொந்த எடை போக மிச்சம் சுமார் 390 கிலோ. டாங்கி நிரம்பினால் எண்ணெய் மட்டுமே 145 கிலோ. மிச்சம் 245. அதாவது மூன்று பெரியவர்கள், ஆளுக்கொரு சின்னப் பை. நாலு இருக்கை இருக்கிறதே என்று நாலு பேர் ஏற முடியாது. ஏறினால் எண்ணெயைக் குறைக்கவேண்டும், எண்ணெயைக் குறைத்தால் தூரம் குறையும்.

யார் எங்கே உட்காருகிறார் என்பதும் முக்கியம். கனமானவர்கள் பின்னால் உட்கார்ந்தால் வால் பக்கம் தாழ்ந்து விமானம் பிடிக்கு அடங்காது. அதனால் "நான் ஜன்னலோரம்" என்ற சண்டையெல்லாம் இங்கே செல்லாது.

வழியில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜெட் விமானங்கள் குடிப்பது ஒருவகை மண்ணெண்ணெய். செஸ்னாவின் எஞ்சினுக்கு வேண்டியது ஏவ்கேஸ் என்கிற தனிப் பெட்ரோல். பார்க்க வெளிர் நீலமாக இருக்கும். சில இடங்களில்தான் கிடைக்கும், பீப்பாய் கணக்கில் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். ரொம்ப காலம் இறக்குமதி மட்டும்தான். 2022-இல் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன விமானங்களும் வந்துவிட்டன. அவற்றை வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஆகவே போக, வர இரண்டுக்கும் சேர்த்து எண்ணெய் எடுத்துக்கொண்டே கிளம்புவோம். மணிக்கு 35 லிட்டர் குடிக்கும். புதுச்சேரி போய்வர மூன்றரை மணி என்றால் 120 லிட்டரைத் தாண்டும். அதற்கு மேல் வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் வேண்டியது, அதற்கும் மேல் அரை மணிக்கான இருப்பு. நான் ஒரு மணிக்கான இருப்பு வைப்பேன். திருச்சியில் இறங்கிய அன்று டாங்கியில் இரண்டு மணி நேர எண்ணெய் மிச்சமிருந்தது. அன்றைக்குப் பதற்றமில்லாமல் யோசிக்க முடிந்தது அதனால்தான்.

பாத்ரூம்?

இல்லை. காலையில் காபியைப் பாதி டம்ளரோடு நிறுத்துங்கள்.

வாந்தி வருமா? காது அடைக்குமா?

பத்து மணிக்கு மேல் கரிசல் காடு சூடேறி, வெந்நீர்ப் பானையில் குமிழி எழும்புவதுபோலக் காற்று மேலே எழும்பும். அதில் விமானம் மேலும் கீழும் குலுங்கும். ஆபத்தில்லை, வயிறுதான் ஒத்துக்கொள்ளாது. வெறும் வயிற்றோடு வராதீர்கள், வயிறு முட்டவும் வராதீர்கள். மூன்று இட்லி சரியான அளவு. போனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். காதுக்கு, இறங்கும்போது வாயில் ஒரு கமர்கட்டு. குழந்தைகளுக்கும் அதேதான். சளி பிடித்திருந்தால் வரவே வேண்டாம்.

எஞ்சின் நின்றுபோனால் கல்லு மாதிரி விழுந்துடுமா?

விழாது. சறுக்கும். எஞ்சின் இல்லாமலேயே ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஒன்றரைக் கடல் மைல் முன்னே போகும். 4,000 அடியில் இருந்தால் ஆறு கடல் மைல், சுமார் 11 கிலோமீட்டர். தரைக்கு வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எண்ணெய் வால்வைப் பார், கலவையைப் பார், தீப்பொறிச் சுவிட்சைப் பார் என்று மனப்பாடமாக ஓடவேண்டும். பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்ப அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கே இறங்குவது என்பதுதான் நம் சீமையில் பெரிய கேள்வி. மேலிருந்து பார்த்தால் ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் கண்மாய் கண்மாயாக இருக்கும். வற்றிய கண்மாய் நல்ல மைதானம்போலத் தோன்றும். பக்கத்தில் போனால் முழுக்கச் சீமைக் கருவேலம். முள்ளுக்குள் இறக்குவதும் சுவரில் மோதுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கரிசல் காடு கோடையில் பரவாயில்லை, ஆனால் வெடிப்பு இருக்கும். மழை பெய்த மறுநாள் சக்கரம் புதைந்து குப்புறத் தள்ளும். நெல் வயலில் வரப்பு. நாலுவழிச் சாலையில் லாரி. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள், அவற்றை இணைக்கும் மின்கம்பிகள். கம்பி மேலிருந்து தெரியவே தெரியாது, கோபுரத்தைப் பார்த்துத்தான் கம்பியை ஊகிக்கவேண்டும். நான் தேடுவது அறுவடை முடிந்த பருத்தி அல்லது சோளக் காடு, காற்றுக்கு எதிராக நீண்டு கிடப்பது. ஏறின நிமிடத்திலிருந்து இறங்கும்வரை ஒரு கண் அப்படி ஒரு காட்டைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "நிலம் வாங்கப் போறீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு.

யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்?

பயணத் திட்டம் கொடுக்கவேண்டும்: எந்த விமானம், எத்தனை பேர், எந்த வழி, எவ்வளவு எண்ணெய். அதற்கு இரண்டு எண்கள் திரும்பி வரும். ஒன்று விமானத் தகவல் மையத்தின் எண், மற்றது வான் பாதுகாப்பு அனுமதி எண். இரண்டும் இல்லாமல் எஞ்சினைத் தட்டக்கூடாது. இரண்டாவதைச் சுருக்கமாக ஏடிசி என்பார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் ஏடிசிதான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, அதனால் எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் "ராணுவ நம்பர்" என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

மேலே ரோடு கிடையாதே, வழி எப்படித் தெரியும்?

ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் தூத்துக்குடி வழி எனக்கு அது இல்லாமலே பாடம். ஏறி வலப்பக்கம் திரும்பினால் காரியாபட்டி, அப்புறம் குண்டாறு, அப்புறம் நேர் கீழே அருப்புக்கோட்டை. ரயில் பாதை ஊரை ஒட்டிக் குறுக்கே போகும். அது வரைக்கும் மண் சிவப்பும் பழுப்பும் கலந்து இருக்கும். அதைத் தாண்டினால் யாரோ மையைக் கொட்டியதுபோலக் கரிசல். வைப்பாறு மணல் கோடாகக் கிடக்கும், தண்ணீர் பார்த்தால் அதிர்ஷ்டம். வலது கைப்பக்கம் எட்டயபுரம். இடதுபக்கம் தூரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும்; முதல் தடவை நான் அதை மேகம் என்று நினைத்தேன். உப்பளம். அதற்குப் பின்னால் கடல். வாகைக்குளம் ஓடுதளத்தை இப்போது 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டிவிட்டார்கள், 2025-இல் புது முனையமும் திறந்தாயிற்று. எங்கள் வண்டி இறங்கி நின்ற பிறகும் முக்கால்வாசி ஓடுதளம் மிச்சமிருக்கும்.

உயரத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. 3,000 அடிக்கு மேலே, திசைகாட்டியில் 180 முதல் 359 டிகிரிவரை போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500, மற்றவர்கள் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500. அதனால் தூத்துக்குடி போகும்போது 4,500 அடி, வரும்போது 5,500. எதிரெதிரே முட்டாமல் இருக்க இந்த ஏற்பாடு. 5,500 அடியில் தரையைவிடப் பத்து டிகிரி குறைவாக இருக்கும். சித்திரையில் அதற்காகவே பறக்கலாம்.

மீனாட்சி அம்மன் கோயில் தெரியுமா? போட்டோ எடுக்கலாமா?

தெரியும். பதினாலு கோபுரத்தையும் எண்ணலாம். அதைவிட எனக்குப் பிடித்தது வீதிகள். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாகக் கோயிலைச் சுற்றி நிற்பது தரையில் நடக்கும்போது புரியாது. மேலிருந்து கோலம் போட்டதுபோல இருக்கும். கிழக்கே தெப்பக்குளம், நடுவில் மைய மண்டபம். வடகிழக்கே யானைமலை உண்மையாகவே படுத்த யானைதான். ஆனால் டவர் எந்தப் பக்கம் அனுப்புகிறதோ அந்தப் பக்கம்தான் போகமுடியும். கோயில் பார்க்கவேண்டும் என்று நகரத்தின் மேல் தாழ்வாகச் சுற்றக்கூடாது.

விமானத்திலிருந்து படம் எடுக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் எடுப்பதில்லை, கூட வருகிறவர்களையும் விடுவதில்லை.

லைசென்ஸ் எடுக்க என்ன செய்யணும்? என் பையன் பத்தாவது.

முடிக்கட்டும். 16 வயதில் மாணவர் உரிமம், 17-இல் தனியார் உரிமம். மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வுகள், ரேடியோ பேசத் தனி உரிமம். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதில் தனியாக ஒரு நீண்ட பயணம் உண்டு: 150 கடல் மைல், வழியில் இரண்டு வேறு ஊர்களில் இறங்கி ஏறவேண்டும். என் வாழ்க்கையில் மிக நீளமான நாள் அது. பக்கத்து இருக்கை காலியாக இருப்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

செலவு?

ஒரு மணி நேரம் பறக்கப் பத்தாயிரத்துக்கு மேல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மட்டுமில்லை; தரையிறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம், பராமரிப்பு, இன்சூரன்ஸ். இந்த வகை எஞ்சினை 2,000 மணி நேரத்துக்கு ஒரு முறை முழுதாகப் பிரித்துக் கட்டவேண்டும். அந்தச் செலவுக்கு ஒவ்வொரு மணியிலும் உண்டியலில் போட்டு வரவேண்டும். என் மனைவி இந்தக் கணக்கைத் தங்க விலையில் சொல்வாள். அதை இங்கே எழுதவில்லை.

என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும்?

பருத்தித் துணி, தட்டையான செருப்பு அல்லது ஷூ. புடவையில் வரலாம், முந்தானையைச் செருகிக்கொள்ளவேண்டும். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடலாம். இறங்கினதும் விமானத்தின் முன்பக்கமாக நடக்கவே கூடாது. சுழலாமல் நிற்கிற விசிறியையும் சுழல்கிற விசிறியாகவே நினைத்து, எப்போதும் வால் பக்கமாகச் சுற்றி வாருங்கள். அடையாள அட்டை கட்டாயம். அதை மறந்துவிட்டு வந்த ஒருவருக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, வெயில் ஏறிவிட்டதால் பயணத்தையே கைவிட்டு, எல்லாரும் விளக்குத்தூணுக்குப் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டுக் கலைந்திருக்கிறோம்.